அமெரிக்காவின் எளிய விக்டோரிய மர வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கிலோ நடுமேற்கிலோ ஒரு பழைய சிற்றூரில் ரயில் நிலையத்தைச் சுற்றி நடந்தால் இந்த வீடுகள் கண்ணில் படும். கீழும் மேலுமாக இரண்டு தளம், செங்குத்தான கூரை, முன்னால் ஒரு போர்ச் (கூரை போட்ட முன்திண்ணை), தூண்களுக்கு மேலே மரத்தில் வெட்டிய பூவேலை. தச்சர், ரயில்வே ஊழியர், கடைக்காரர், பள்ளி ஆசிரியர் போன்றவர்களின் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் குடியேறிய நம்மவர்கள் பலர் இப்படி ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்திருப்பார்கள், சிலர் வாங்கியும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும், கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்கள் கேட்கும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். அந்தக் காலத்து மாளிகைகளைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. என் அக்கறையெல்லாம் இந்தச் சின்ன வீடுகள் மேல்தான்.

விக்டோரியா இங்கிலாந்து ராணி. அமெரிக்க வீட்டுக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது?

விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்துக் கட்டடங்களை அமெரிக்காவிலும் அதே பெயரால் குறிக்கிறார்கள், அவ்வளவுதான். பாணி என்று பார்த்தால் அதற்குள் பல உண்டு. இந்தப் பக்கத்தில் நான் பேசுவது ஏறக்குறைய 1870 முதல் 1910 வரை கட்டப்பட்ட, கட்டடக்கலை ஆய்வாளர்கள் 'ஃபோக் விக்டோரியன்' என்று அழைக்கும் வகை. வீட்டின் உடம்பு அந்த வட்டாரத்தில் முன்பே பழகிய எளிய வடிவம்தான். அதன் மேல் அந்தக் காலத்து அலங்காரம் ஏறியிருக்கும்.

ஏன் மரம்? செங்கல் கிடைக்கவில்லையா?

கிடைத்தது. ஆனால் மரம் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளில் வெள்ளைப் பைன் மரங்கள் கணக்கில்லாமல் நின்றன. குளிர்காலத்தில் வெட்டி, பனி உருகியதும் ஆற்றில் மிதக்கவிட்டு, ஆற்று முகத்தில் இருந்த மில்லில் அறுத்து, ஏரி வழியாகக் கப்பலில் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ரயிலில் ஏறி, மரமே இல்லாத புல்வெளி மாநிலங்களுக்குப் போனது. அயோவாவிலோ நெப்ராஸ்காவிலோ இருக்கும் ஒரு சிறு வீட்டின் சுவருக்குள் நிற்பது, பல நூறு மைல் வடக்கே வளர்ந்த மரம்.

வெள்ளைப் பைன் இலகுவானது, நேர்த்தியாக இழைக்க வரும், அதிகம் முறுக்கிக்கொள்ளாது. நிழலில் மெதுவாக வளர்ந்த பழங்காட்டு மரம் என்பதால் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். இன்று தோட்டத்தில் வேகமாக வளர்த்து வெட்டும் பைனில் அந்த அடர்த்தி இல்லை. 1900 வாக்கில் அந்தக் காடுகளில் பெரும்பகுதி தீர்ந்துபோனது. அப்புறம் தெற்கத்திய மஞ்சள் பைனும், பசிபிக் கரையோரத்து டக்ளஸ் ஃபிரும் அந்த இடத்தைப் பிடித்தன. பழைய வீட்டிலிருந்து ஒரு பலகையைப் பிடுங்கிக் குப்பையில் போடும்போது, திரும்ப வாங்க முடியாத ஒன்றைப் போடுகிறோம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வீட்டின் எலும்புக்கூடு எப்படி அமைந்திருக்கிறது?

இந்த வீடுகளைப் புரிந்துகொள்ள இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன்பு மர வீடு என்றால் கனமான தூண்களும் உத்தரங்களும்தான். ஒரு மரத்தில் துளை போட்டு, இன்னொன்றின் முனையைச் செதுக்கி உள்ளே செருகி, மர ஆணி அடித்து இறுக்குவார்கள். அதற்குக் கைதேர்ந்த தச்சர் வேண்டும். சட்டத்தைத் தூக்கி நிறுத்த அக்கம்பக்கத்து ஆண்கள் அத்தனை பேரும் கூட வேண்டும்.

1830களில் சிகாகோவில் வேறொரு முறை பரவத் தொடங்கியது. 'பலூன் சட்டகம்' என்று அதற்குப் பெயர். கனமான தூண்களுக்குப் பதிலாக 2 அங்குலத்துக்கு 4 அங்குலக் கட்டைகளைப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக வரிசையாக நிறுத்துவார்கள். இவைதான் ஸ்டட். இரண்டு தள வீட்டில் இந்தக் கட்டைகள் அஸ்திவாரத்தின் மேல் படுத்திருக்கும் அடிக்கட்டையிலிருந்து கூரையின் விளிம்பு வரை ஒரே நீளமாக, நடுவில் ஒட்டில்லாமல் ஓடும். மேல்தளம் வரும் உயரத்தில் ஸ்டட்களின் உட்பக்கத்தைச் சற்றே வெட்டி ஒரு பலகையைக் கிடையாகப் பதிப்பார்கள். தரையைத் தாங்கும் ஜாயிஸ்ட்கள் அந்தப் பலகை மேல் உட்காரும். பிறகு எல்லாவற்றையும் ஆணி சேர்த்துப் பிடிக்கும்.

ஆணிதான் இங்கே கதாநாயகன். கொல்லர் ஒவ்வொன்றாக அடித்துத் தந்த காலத்தில் ஆணி விலை உயர்ந்த பொருள். தகட்டிலிருந்து இயந்திரத்தால் வெட்டிய ஆணி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விலையை இறக்கிவிட்டது. 1890களின் தொடக்கத்தில் இன்று நாம் பார்க்கும் வட்டமான கம்பி ஆணி அதையும் முந்தியது. மரம் அறுக்கும் மில், மலிவான ஆணி, ரயில் ஆகிய மூன்றும் சேர்ந்ததால் இரண்டு மூன்று பேரே ஒரு வீட்டின் சட்டகத்தை நிறுத்த முடிந்தது.

ஒரு சின்ன விஷயம்: அந்தக் காலத்து 2க்கு 4 கட்டையை அளந்தால் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கும். இன்று கடையில் அதே பெயரில் விற்பது ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். பழைய சுவரில் புதுக் கட்டை வைத்து வேலை செய்யும்போது இந்த வித்தியாசத்துக்கு இடம் விட்டாக வேண்டும்.

பலூன் சட்டகம் தீக்கு ஆபத்தானது என்கிறார்களே?

உண்மைதான். ஸ்டட்களுக்கு இடையில் உள்ள வெற்றிடம் பேஸ்மென்ட்டிலிருந்து (நிலவறை) அட்டிக் (கூரைக்கு அடியில் உள்ள பரண்) வரை தடையில்லாமல் போகிறது. கீழே பிடித்த தீ புகைபோக்கிக்குள் ஏறுவது போல அதில் ஏறிவிடும். தீயணைப்பு வீரர்கள் இத்தகைய வீட்டில் பேஸ்மென்ட்டில் தீ என்றால் உடனே அட்டிக்கையும் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். பின்னால் வந்த முறையில் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி மேடையாகக் கட்டுவதால் இந்த வழி அடைபட்டது. பழைய வீட்டில் சுவரைத் திறக்கும் வாய்ப்பு எப்போது வந்தாலும், தளத்துக்குத் தளம் அந்த இடைவெளியை மரக்கட்டையாலோ கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) அல்லாத கனிமக் கம்பளியாலோ அடைத்துவிடுங்கள். பேஸ்மென்ட் மேல் விளிம்பில் அடைப்பது எளிது, செலவும் குறைவு.

1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தபோது ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அதே இரவில் விஸ்கான்சினில் பெஷ்டிகோ என்ற மர மில் ஊரும் சுற்றியிருந்த காடும் எரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மரம் வாங்கிய நகரமும் மரம் தந்த காடும் ஒரே இரவில் எரிந்தன. அதற்குப் பிறகு சிகாகோ நகர எல்லைக்குள் மரக் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது.

சாதாரணக் குடும்பத்துக்கு இவ்வளவு அலங்காரம் எப்படிக் கட்டுப்படியானது?

நான் ரொம்பவும் ரசிக்கும் பகுதி இது. கடைசல் தூண், கைப்பிடிச் சுவரின் குட்டித் தூண்கள், கூரை முக்கோணத்தில் மீன் செதில் போல அடுக்கிய மரச் சில்லுகள், தூண் உச்சியில் சுருள் சுருளான தாங்கிகள் என்று எல்லாமே கையால் செதுக்கப்பட்டிருந்தால் ஒரு ரயில்வே ஊழியரால் நினைத்தே பார்த்திருக்க முடியாது. நீராவியால் ஓடிய கடைசல் இயந்திரமும், வளைவாக அறுக்கும் ரம்பமும் அதை மாற்றின. ஆலையில் நூற்றுக்கணக்கில் செய்து, விலைப்பட்டியல் அச்சடித்து, அடிக்கு இவ்வளவு, ஒன்றுக்கு இவ்வளவு என்று விற்றார்கள். ஊர்த் தச்சர் தனக்குத் தெரிந்த பழைய வீட்டையே கட்டிவிட்டு, ரயிலில் வந்திறங்கிய துண்டுகளைப் போர்ச்சிலும் முகப்பிலும் பொருத்தினார். ஒரே தெருவில் நாலைந்து வீடுகளுக்கு ஒரே மாதிரி தாங்கிகள் இருந்தால், ஒரே மில்லிலிருந்து வந்தவை என்று பெரும்பாலும் ஊகிக்கலாம்.

இயந்திரத்தில் செய்த மலிவுச் சரக்கு என்று அன்றே இதை இகழ்ந்தவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. இப்படி ஒரு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். முகப்பில் பூவேலை. பக்கச் சுவரில் ஜன்னலைச் சுற்றி ஒரு சாதாரணச் சட்டம். பின்பக்கம் வெறும் பலகை. உள்ளேயும் அப்படித்தான். மாடிப்படி தொடங்கும் இடத்தில் உள்ள பெரிய தூண் அழகாகக் கடையப்பட்டிருக்கும், முன்னறைக் கதவுச் சட்டத்தில் வரிக்கோடுகள் இருக்கும், மேல்தளத்துப் படுக்கையறைக்குப் போனால் அந்தச் சட்டமே தட்டையாகிவிடும். கையில் இருந்த பணத்தை எங்கே போடுவது என்று ஒரு குடும்பம் யோசித்து எடுத்த முடிவுகள் இவை. தெருவில் போகிறவர் கண்ணுக்கும், வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிக்கும் முதல் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் எனக்கு மரியாதைதான் தோன்றுகிறது.

பெரிய குவீன் ஆன் வீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

குவீன் ஆன் பாணி இங்கிலாந்தில் ரிச்சர்ட் நார்மன் ஷா போன்ற கட்டடக் கலைஞர்களிடமிருந்து 1870களில் அமெரிக்காவுக்கு வந்தது. வட்டக் கோபுரம், பல திசையில் உடைந்து ஓடும் கூரை, வீட்டைச் சுற்றி வளையும் போர்ச், ஒரே சுவரில் பலகையும் செதிலும் செங்கலும் மாறி மாறி வருவது என்று அதன் உடம்பே சிக்கலானது. எளிய வீட்டின் உடம்பு ஒரு பெட்டி, அல்லது இரண்டு பெட்டிகளை 'ட' வடிவில் சேர்த்தது. அலங்காரத்தை எல்லாம் மனதால் கழற்றிவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது எளிய வடிவமா, அப்போதும் சிக்கலானதா என்று பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

எளிய வீட்டிலேயே அடிக்கடி காணும் வடிவங்கள் இரண்டு. கூரை முக்கோணம் தெருவைப் பார்த்து நிற்கும் ஒடுக்கமான வீடு, அகலம் குறைந்த நகர மனைகளுக்குத் தோதானது. இன்னொன்று, அதே முக்கோணத்தோடு பக்கவாட்டில் ஓர் இறக்கை சேர்ந்தது. அந்த மூலைக்குள் போர்ச் உட்கார்ந்திருக்கும். இரண்டாவதைக் கிராமப்புறங்களில் நிறைய பார்க்கலாம்.

வரைபடம் போட்டது யார்?

பெரும்பாலும் யாரும் இல்லை. கட்டும் தச்சரே அனுபவத்தில் கட்டினார். ஆனால் தபாலில் வரைபடம் விற்கும் தொழிலும் அப்போது செழித்தது. கனெடிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் பாலிசர் சகோதரர்கள் 1870களில் இதைச் செய்தார்கள். டென்னசியின் நாக்ஸ்வில்லில் இருந்த ஜார்ஜ் பார்பர் 1880களின் கடைசியில் தொடங்கி இதைப் பெரிய வணிகமாக்கினார். வாடிக்கையாளர் பட்டியலில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, சமையலறையைப் பெரிதாக்குங்கள், இங்கே ஒரு ஜன்னல் வையுங்கள் என்று கடிதம் எழுதினால், அதற்கேற்ப மாற்றி வரைந்து அனுப்புவார். தபால்வழி விற்பனை செய்த சியர்ஸ் நிறுவனம் மரத்தையும் சேர்த்தே ரயிலில் அனுப்பிய 'கிட்' வீடுகள் 1908இல்தான் தொடங்கின. உங்கள் வீடு 1895இல் கட்டியது என்றால் அது சியர்ஸ் வீடாக இருக்க முடியாது, அக்கம்பக்கத்தார் என்ன சொன்னாலும் சரி.

கட்ட எவ்வளவு ஆனது?

அந்தக் காலத்துப் பட்டியல்களில் எளிய வீடுகளுக்கு 1,000 முதல் 2,000 டாலர் வரை மதிப்புப் போட்டிருப்பார்கள். தச்சரின் நாள் கூலி 2, 3 டாலர் இருந்த காலம். வங்கிக் கடன் இன்று போல முப்பது ஆண்டு நீளாது, சில ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டும், முன்பணமும் அதிகம். அதனால் தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் மாதச் சீட்டுப் போலப் பணம் சேர்த்து உறுப்பினர்களுக்கே கடன் கொடுக்கும் கட்டடக் கடன் சங்கங்களை நாடினார்கள். பிலடெல்பியாவை ஒட்டிய ஃபிராங்ஃபோர்டில் 1831இல் முதல் சங்கம் தொடங்கியது, நூற்றாண்டின் கடைசியில் நாடு முழுவதும் பரவியிருந்தன. சிகாகோவில் சாமுவேல் கிராஸ் என்ற மனை வணிகர் சிறிய முன்பணமும் மாதத் தவணையுமாகத் தொழிலாளர் வீடுகளை ஆயிரக்கணக்கில் விற்றார்.

உள்ளே அறைகள் எப்படி?

முன்கதவைத் திறந்தால் ஒரு சிறிய கூடம், அதிலிருந்து மாடிப்படி. பக்கத்தில் விருந்தாளிக்கான முன்னறை. அதன் பின்னால் குடும்பம் உட்காரும் அறை அல்லது சாப்பாட்டு அறை. கடைசியில் சமையலறை. அது பல வீடுகளில் முதன்மைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒட்டுக் கட்டடமாக, தாழ்ந்த கூரையோடு இருக்கும். அடுப்பின் சூடும் வாடையும் தீ பயமும் வீட்டுக்குள் வராமல் இருக்க அது உதவியது. மேலே மூன்று படுக்கையறைகள் இருக்கலாம்.

கொஞ்சம் வசதி இருந்தால் முன்னறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் சுவருக்குள் வழுக்கிப் போகும் கதவு வைத்தார்கள். குளிர்காலத்தில் மூடினால் ஓர் அறையை மட்டும் சூடாக வைத்திருக்கலாம். கல்யாணமோ துக்கமோ என்றால் இரண்டையும் ஒன்றாக்கலாம். வீட்டில் இறந்தவரை முன்னறையில்தான் கிடத்தினார்கள்.

முன்னறை வாரத்தில் ஆறு நாள் சும்மா கிடந்தது என்று இன்று நமக்குத் தோன்றும். இட நெருக்கடியிலும் ஓர் அறையை மற்றவர்களுக்காக ஒதுக்கியது அந்தக் காலத்து மனநிலை. அதை வீணென்று நான் சொல்லமாட்டேன், ஆனால் சமையலறையில் நாள் முழுக்க நின்ற பெண்ணுக்கு வீட்டிலேயே மோசமான வெளிச்சம் கிடைத்தது என்பதையும் மறைக்க முடியாது.

போர்ச்சுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

நம் ஊர்த் திண்ணைக்கு இருந்த அதே வேலை. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில், கோடையில் மாலைக்காற்று வாங்க, போகிறவர் வருகிறவரோடு பேச ஓர் இடம். கட்டுமானமாகப் பார்த்தால் வீட்டிலேயே மழையில் அதிகம் நனையும் பகுதி இதுதான். நாக்கும் பள்ளமுமாகச் சேர்த்த தரைப் பலகைகள் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும், தண்ணீர் ஓடுவதற்காக. பழுது பார்ப்பவர்கள் சிலர் தரை சாய்ந்துவிட்டதென்று நினைத்து அதை மட்டமாக்கிவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் பலகை இற்றுவிடும். கடைசல் தூண்களும் அடியில்தான் முதலில் மக்கும். முழுத் தூணையும் மாற்றத் தேவையில்லை. கெட்ட அடிப்பகுதியை மட்டும் வெட்டி, அதே மாதிரி ஒரு துண்டை ஒட்டவைக்க நல்ல தச்சரால் முடியும்.

பழைய ஜன்னல்களை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பழைய வீட்டுக்காரர்கள் செய்யும் தவறுகளில் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

இந்த ஜன்னல்கள் மேலும் கீழும் வழுக்கும் இரண்டு சட்டங்கள் கொண்டவை. சுவரோடு சேர்ந்த பக்கச் சட்டத்துக்குள் ஒரு மறைவான அறை, அதில் வார்ப்பிரும்பு எடைக்கட்டை தொங்கும். அதைக் கயிறு கப்பி வழியாக ஜன்னலோடு இணைக்கும். எடை சமமாக இருப்பதால் ஒரு விரலால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். மேல் சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி, கீழ்ச் சட்டத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சூடான காற்று மேலே வெளியேறும், குளிர்ந்த காற்று கீழே நுழையும். பல வீடுகளில் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து மேல் சட்டத்தை ஒட்டிவிட்டார்கள் என்பதால் இந்த வசதி இருப்பதே மறந்துபோனது.

கயிறு அறுந்தால் கயிறு மாற்றலாம். கண்ணாடி உடைந்தால் அந்த ஒரு சில்லை மாற்றலாம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி காய்ந்து உதிர்ந்தால் புதிதாக வைக்கலாம். எல்லாம் தனித்தனியே கழலும். புதிய இரட்டைக் கண்ணாடி வினைல் ஜன்னலில் அடைப்பு போய் உள்ளே ஆவி படிந்தால், பெரும்பாலும் அந்தக் கண்ணாடித் தொகுதியையோ ஜன்னலையோ முழுசாக மாற்றுவதுதான் வழி. குளிர்தான் கவலை என்றால், பழைய ஜன்னலைச் செப்பனிட்டு, காற்றுக் கசிவை அடைத்து, வெளியே ஒரு ஸ்டார்ம் ஜன்னல் (பழைய ஜன்னலுக்கு வெளியே மாட்டும் கூடுதல் ஜன்னல்) போடுங்கள். பலன் கிட்டத்தட்ட புது ஜன்னலுக்குச் சமம்.

அந்தக் கண்ணாடியில் தெரியும் நெளிவு, ஊதி உருளையாக்கி, பிளந்து, தட்டையாக்கிய முறையால் வந்தது. காலப்போக்கில் கண்ணாடி உருகி வழிந்ததால் என்று சொல்வது வெறும் கதை.

சுவரில் ஆணி அடித்தால் பூச்சு உதிர்கிறதே?

அது ஜிப்சம் பலகை இல்லை. ஸ்டட்களின் மேல் மெல்லிய மரப் பட்டைகளைச் சிறு இடைவெளி விட்டு அடித்து, அதன் மேல் மிருக முடி கலந்த சுண்ணாம்புச் சாந்தை மூன்று பூச்சாகப் பூசியிருக்கிறார்கள். முதல் பூச்சு பட்டைகளின் இடைவெளியில் பிதுங்கி, பின்பக்கம் கொக்கி போல மடிந்து பிடித்துக்கொள்ளும். சுத்தியல் அதிர்ச்சியில் அந்தக் கொக்கிகள் உடையும். முதலில் டிரில்லால் துளை போட்டுத் திருகாணி போடுங்கள். சுவர் எங்காவது உப்பியிருந்தால் அதைப் பிடுங்கவே வேண்டும் என்றில்லை. துளையிட்டுப் பசை செலுத்தி, வட்டத் தகடும் திருகாணியும் வைத்துப் பட்டையோடு இழுத்துக் கட்டும் முறை இருக்கிறது.

குளியலறை, மின்சாரம், சூடேற்றும் வசதி எல்லாம் அப்போதே இருந்தனவா?

எளிய வீடுகளில் பெரும்பாலும் இல்லை. கழிப்பிடம் கொல்லையில். சூட்டுக்குச் சமையலறை அடுப்பும் முன்னறையில் நிலக்கரி அடுப்பும்தான். மேல்தளத்துத் தரையில் இரும்புச் சல்லடை வைத்துக் கீழ்ச் சூட்டை மேலே விட்ட வீடுகளும் உண்டு. குளியலறை பிற்காலத்தில் ஒரு சின்னப் படுக்கையறையை விழுங்கி வந்தது. பீங்கான் குமிழ்களில் சுற்றி, குழல்கள் வழியாக இழுத்த பழைய மின்கம்பி இன்னும் சுவருக்குள் இருக்கலாம். அது இருக்கும் சுவரில் வெப்பக்காப்புப் பஞ்சு அடைக்கக் கூடாது. கம்பியின் சூடு வெளியேற வழியில்லாமல் போகும்.

உண்மையான நிறம் என்ன? வெள்ளையா, கண்ணைப் பறிக்கும் ஊதா, இளஞ்சிவப்பா?

இரண்டும் பின்னால் வந்தவை. 1870களில் தகர டப்பாவில் கலந்தே விற்ற பெயிண்ட் பரவியபோது மக்கள் விரும்பியது மண் நிறங்கள்: ஆலிவ் பச்சை, காவி, செங்கல் சிவப்பு, பழுப்பு, சாம்பல் கலந்த பச்சை. சுவருக்கு ஒன்று, சட்டங்களுக்கு ஒன்று, ஜன்னலின் அசையும் பகுதிக்கு இன்னும் இருண்ட ஒன்று. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் வெள்ளைக் கட்டடங்களும் காலனிய காலப் பாணியின் மறுவருகையும் சேர்ந்து வெள்ளையைப் பரப்பின. பளபளக்கும் பல வண்ணம் 1960களின் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது.

சுவரோடு சேர்ந்த அலமாரிக்கு வரி இருந்ததால்தான் அதை வைக்கவில்லையாமே?

அப்படி ஒரு வரிக்கு ஆதாரம் இல்லை. துணி குறைவு, கொக்கியில் மாட்டினார்கள், பெட்டியிலும் தனி பீரோவிலும் வைத்தார்கள். 1890கள் வாக்கில் சிறிய அலமாரிகள் பல வீடுகளில் வந்துவிட்டன.

என் வீட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நகராட்சிப் பதிவில் '1900' என்று முழு எண்ணாக இருந்தால் நம்பாதீர்கள். ஆண்டு தெரியாதபோது போட்டு வைக்கும் எண் அது. பத்திரப் பதிவுகளில் மனையின் விலை திடீரென்று உயரும் ஆண்டைத் தேடுங்கள், வீடு அதற்குச் சற்று முன் வந்திருக்கும். அடுத்தது சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். 1867 முதல் அமெரிக்க ஊர்களை வீடு வீடாக வரைந்தவை. மரக் கட்டடத்துக்கு மஞ்சள், செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு பதிப்பில் உங்கள் மனை காலி, அடுத்ததில் மஞ்சள் கட்டம் என்றால் இடைப்பட்ட காலத்தில் கட்டியது. குடும்பம் யார் என்று பார்க்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவும், ஆனால் 1890க்கானதைத் தேடாதீர்கள். 1921இல் நடந்த தீ விபத்தால் அது ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது.

வீட்டுக்குள்ளேயே சாட்சி உண்டு. அட்டிக்கில் கைமரங்களைப் பாருங்கள். வட்ட ரம்பத்தின் வளைந்த கீறல்கள் தெரியும். ஆணி சதுர முனை என்றால் பெரும்பாலும் 1890களுக்கு முன், வட்டக் கம்பி என்றால் பெரும்பாலும் பின்.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

தண்ணீரை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. கூரை, மழைநீர்க் குழாய், புகைபோக்கி கூரையைத் தொடும் இடம், ஜன்னல் அடி, கடைசியாக அஸ்திவாரத்தின் மேல் இருக்கும் அடிக்கட்டை. பேஸ்மென்ட்டில் நின்று அந்தக் கட்டையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மிருதுவாக இறங்கினால் உளுத்திருக்கிறது அல்லது கரையான் தின்றிருக்கிறது. அதை மாற்ற வீட்டை ஜாக்கியால் தாங்க வேண்டும், செலவு பெரிது.

தரை நடுவில் பள்ளமாக இருந்தால் உடனே பயப்பட வேண்டாம். வெளிச்சுவரின் ஸ்டட் நீளவாக்கில் சுருங்குவதில்லை. நடுச்சுவரைத் தாங்கும் உத்தரமோ குறுக்குவாக்கில் சுருங்கும், அதன் தூணும் மண்ணில் அமுங்கும். அதனால் நூறு ஆண்டுகளில் நடு இறங்குவது சகஜம். பயப்பட வேண்டியது, குளியலறைக் குழாய்க்காக யாரோ ஜாயிஸ்டைப் பாதிக்கு மேல் வெட்டியிருந்தால்தான். கல் அல்லது செங்கல் அஸ்திவாரத்தின் சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்திருந்தால் சுண்ணாம்பாலேயே பூச வேண்டும். கடினமான சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டி, மிருதுவான பழைய செங்கல்லைப் பொரிய வைத்துவிடும்.

வினைல் சைடிங்குக்கு (வெளிச்சுவரை மூடும் பிளாஸ்டிக் உறை) அடியில் பழைய பலகை இருக்குமா?

பல நேரம் இருக்கும். ஒரு மூலையில் கழற்றிப் பாருங்கள். கழற்றி எறிந்த தாங்கிகளின் நிழல் பழைய பெயிண்டில் அச்சாகத் தெரியும். அதை அளந்து அப்படியே திரும்பச் செய்யலாம். மேலே இருப்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த, சிமெண்ட் போன்ற சாம்பல் சில்லுகள் என்றால் நிறுத்துங்கள். அதில் கல்நார் இருக்கலாம், உரிமம் பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும்.

குழந்தைகள் இருக்கிறார்கள். ஈயப் பெயிண்ட் பற்றி?

இதில் அலட்சியம் கூடாது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978இல் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய வீடு என்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டி நிற்கும் பெயிண்ட்டை விடத் தூசிதான் ஆபத்து. ஜன்னல் உரசும் இடம், கதவு இடிக்கும் இடம், போர்ச் தரை ஆகியவற்றை ஈரத்துணியால் அடிக்கடி துடையுங்கள். உலர்ந்த பெயிண்ட்டைத் தேய்க்காதீர்கள், தீச்சுவாலையால் உரிக்காதீர்கள். கூலிக்கு வேலை செய்பவர்கள் ஈயப் பாதுகாப்புச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்ற மத்திய அரசு விதி 2010 முதல் அமலில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

வரலாற்றுப் பட்டியலில் இருக்கும் வீட்டை மாற்றவே முடியாதா?

1966 சட்டத்தின்படி வைக்கப்படும் தேசியப் பட்டியலில் இடம்பெறுவது மட்டும் சொந்தப் பணத்தில் சொந்த வீட்டை மாற்றும் உரிமையைப் பறிப்பதில்லை. கட்டுப்பாடு வருவது ஊரின் வரலாற்றுப் பகுதிச் சட்டத்தால். அங்கே தெருவிலிருந்து தெரியும் ஜன்னல், போர்ச், கூரை, சைடிங் ஆகியவற்றை மாற்ற உள்ளூர்க் குழுவின் அனுமதி வேண்டும், சில ஊர்களில் நிறத்துக்கும் வேண்டும். வீட்டுக்குள் செய்யும் மாற்றங்களில் அவர்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை. வீட்டை வாங்கக் கையெழுத்துப் போடும் முன்பே ஊர் அலுவலகத்தில் இரண்டையும் கேட்டுவிடுங்கள்: மனை எந்தப் பகுதியில் வருகிறது, முந்தைய சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் செய்த மாற்றம் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா.